புண்ணே இல்லாமல் ரத்த வாந்தி: டியூலஃபாய் கேள்வி பதில்

கேள்வி: அப்பா ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்றார்கள். நான்கே நாளில் மறுபடியும் வாந்தி. இப்போது டியூலஃபாய் என்கிறார்கள். முதலிலேயே ஏன் தெரியவில்லை?

பதில்: இந்த நோயின் சுபாவமே அதுதான். இரைப்பைச் சுவருக்குள் வரும் தமனிகள் உட்பக்கம் வரவர மெலிந்துவிடும். இதில் ஒன்று மட்டும் மெலியாமல் 1 முதல் 3 மி.மீ. தடிமனோடு சவ்வுக்கு அடியில் வந்து நிற்கிறது. மேலிருக்கும் சவ்வு துளியூண்டு தேய்ந்தால் போதும், பீறிட்டு அடிக்கும். கசிவு நின்றுவிட்டால் சுற்றிலும் புண்ணும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கேமரா அதன் மேலேயே போனாலும் தெரியாது. பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலிருந்து 6 செ.மீ.க்குள் இருக்கும். அங்கே தண்ணீர் அடித்துக் கழுவி, பொறுமையாகத் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

1898இல் பிரெஞ்சு மருத்துவர் டியூலஃபாய் இதை விவரித்த காலத்தில் வயிற்றைத் திறப்பதுதான் வழி. இன்று எண்டோஸ்கோப் வழியாகவே கிளிப் போடுகிறோம், ரப்பர் வளையம் மாட்டுகிறோம், சூடு வைக்கிறோம். அட்ரினலின் ஊசி மட்டும் போட்டு விட்டால் திரும்பக் கசியும் வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், மலம் கருப்பாகப் போகிறது.

பதில்: மாத்திரையாலும் கருக்கும். தார்போலப் பளபளத்து ஒட்டி, கடும் நாற்றமோ தலைச்சுற்றலோ இருந்தால் அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம், இன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்கு என்ன சாப்பிடலாம்?

பதில்: இந்தப் பகுதிக்கு உரிய கேள்வி அல்ல. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: நானும் மருத்துவன்தான். எண்டோஸ்கோப்பி நார்மல் என்றால் நேரே ஆஞ்சியோகிராம் செய்வதுதானே முறை?

பதில்: இல்லை டாக்டர். ஆஞ்சியோ என்பது ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் படம். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதுதான் அது காட்டும். கசிவு நின்றுவிட்டால் அதுவும் நார்மல்தான்.

கேள்வி (அதே மருத்துவர்): அப்படியானால் விழுங்கும் கேமரா கேப்சூல்?

பதில்: சிறுகுடலில் சந்தேகம் என்றால் சரி, டியூலஃபாய் அங்கேயும் வரும். ஆனால் கேப்சூல் பார்க்கும், அடைக்காது. ரத்தம் கொட்டும் நோயாளிக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. எண்டோஸ்கோப்பில் கண்டுபிடிக்க முடியாமல் கசிவு மட்டும் தொடர்ந்தால், அப்போது ஆஞ்சியோ செய்து ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கலாம். அந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கேள்வி: எண்டோஸ்கோப்பி நார்மல். இனி பயமில்லையே?

பதில்: முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். இன்று இதே கேள்வி நான்காவது முறை.

கேள்வி: மூட்டுவலிக்கு டிக்ளோஃபெனாக், இதய ஸ்டென்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரை, இரண்டும் சாப்பிடுகிறேன். போன வருடம் இந்த நோய்க்கு கிளிப் போட்டார்கள்.

பதில்: டிக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்த வாரமே இதய டாக்டரையும் குடல் டாக்டரையும் பார்த்து, இருவரையும் பேசி முடிவு சொல்லச் சொல்லுங்கள்.