பதில்: கட்டணம் ஏறிய பிறகு பழைய அமெரிக்க அஞ்சல்தலைகள் செல்லுமா?

மேசை இழுப்பறையில் கிடக்கும் 37 சென்ட் தலைகளும், தொப்பிப் படத்தோடு ‘ஹெச்’ என்று மட்டும் அச்சிட்டவையும், மணிப் படம் போட்டவையும் வீண்தானா என்று கேட்டிருந்தீர்கள். எதையும் தூக்கி எறியாதீர்கள், எல்லாமே செல்லும். எவ்வளவுக்கு என்பதில்தான் வித்தியாசம்.

மணி போட்டது 2007இல் 41 சென்டுக்கு வந்த முதல் ‘ஃபாரெவர்’ தலை, அதாவது தொகை அச்சிடாத, கட்டணம் எவ்வளவு ஏறினாலும் செல்லும் தலை. ஒரு அவுன்ஸ் வரையுள்ள உள்நாட்டுக் கடிதத்துக்கு இன்றும் அது ஒன்றே போதும். வெளிநாட்டுக் கடிதமென்றால் இன்றைய உள்நாட்டுக் கட்டணத்தின் மதிப்பு அதற்கு உண்டு, மீதியை நீங்கள் ஒட்ட வேண்டும்.

பலர் ஏமாறுவது ‘ஹெச்’ தலையில்தான். தொகை இல்லையே, இதுவும் ஃபாரெவர்தான் போலிருக்கிறது என்று ஒட்டிவிடுகிறார்கள். புதிய கட்டணத்துக்கென 1998இல் முன்கூட்டியே அச்சிட்டபோது தொகைக்குப் பதில் எழுத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான். அதன் மதிப்பு என்றைக்கும் 33 சென்ட்.

37 சென்ட் தலை இரண்டு ஒட்டினால் 74. 2025 ஜூலையில் கட்டணம் 78 ஆனது. குறையும் நான்கு சென்டுக்காக மூன்றாவது 37ஐ வீணாக்காதீர்கள். அஞ்சலகத்தில் சில்லறைத் தலைகள் கிடைக்கும். உறையில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!