விசுவாசமும் கேள்வியும்

அன்புள்ள அண்ணன்,

பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன். கன்வென்ஷன் கூட்டங்களில் அழுது ஒப்புக்கொடுக்கிறேன். திரும்பி வந்து இரண்டு நைட் ஷிஃப்ட் போனதும் எல்லாம் வடிந்துவிடுகிறது. ஜெபித்தால் தூக்கம், வேதத்தைத் திறந்தால் கேள்விகள். அன்றாட வாழ்க்கையில் விசுவாசம் வளர என்ன செய்வது?

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

முதலில் தூக்கம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சீஷர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருமே தூங்கினார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வரும். தூங்கி எழுந்து ஜெபியுங்கள்.

அப்புறம் கேள்விகள். 'விசுவாசம் கேள்வியினாலே வரும்' (ரோமர் 10:17) என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓய்வுநாள் பள்ளி டீச்சரை நான் கேள்வி கேட்டே களைக்க வைத்திருக்கிறேன். வசனமே சொல்கிறதே என்று ஒரு துணிச்சல். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது என்று பின்னால்தான் புரிந்தது. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' என்கிறதே, அந்தக் கேள்வி.

கன்வென்ஷனிலும் காதால்தான் கேட்கிறோம். ஆனால் பாதி கீபோர்டு, பாதி பிரசங்கியாரின் குரல். வீட்டில் நீங்களே வாய்விட்டு வாசியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்ற அட்டவணை வேண்டாம். அதில் இறங்கியவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுபோனார்கள், நான் உட்பட.

மாற்கு 9இல் ஒரு தகப்பன் வருகிறார். பிள்ளைக்குச் சிறுவயது முதல் வலிப்பு. சீஷர்களிடம் கொண்டுபோயும் ஆகவில்லை. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு கத்துகிறார். இரண்டும் ஒரே மூச்சில். சரி, விசுவாசம் முழுதான பிறகு வா என்று இயேசு அனுப்பிவிடவில்லை. பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

நீங்கள் சொல்லும் அந்த இன்னொரு வகைக் கேள்விகளுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கடைசி வரி வரை புலம்பல்தான், ஆறுதலாக ஒரு வார்த்தை வந்து முடித்துவைக்கவில்லை. அதையும் ஜெபமென்றே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

என் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார், காணிக்கைக்கு. மிசோரம் சபைகளில் இது பெரிய ஊழியமாகவே நடக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு டால்டா டப்பா, அவ்வளவுதான். ஒருமுறை கமிட்டிக்காரர்களோடு மனஸ்தாபமாகி அம்மா நாலு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. டப்பா மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் அவருக்குள் விசுவாசம் எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'போடா, உலை கொதிக்குது' என்றிருப்பார்.

உங்கள் அறையில் உலை வைக்கிறீர்களோ, மெஸ் சாப்பாடோ, தெரியாது. பிடி அரிசிக்குப் பதிலாக ஒன்றை நீங்களே கண்டுபிடியுங்கள். மாற்கு 9க்கு வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்