அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது) பயிற்சியாளர் நிலைத்தன்மை என்றால் என்ன? அது வெற்றி தருமா?

ஒரே தலைமைப் பயிற்சியாளர் பல ஆண்டுகள் நீடிப்பதுதான் நிலைத்தன்மை. அயோவா, நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிகளின் ரசிகர்கள் ஓயாமல் மோதிக்கொள்ளும் விஷயம் இது.

அயோவாவில் 1999 முதல் கர்க் ஃபெரன்ட்ஸ்தான். நெப்ராஸ்காவோ 2003-இல் 9 ஆட்டங்களை வென்று தந்த ஃப்ராங்க் சோலிச்சையே நீக்கியது. அடுத்து வந்த பில் காலஹன், பந்தோடு ஓடும் பாணியை விட்டுவிட்டு வீசும் பாணிக்கு மாறினார். ஓட்டத்துக்கென்றே தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக்கும் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசுபவர்) அவருக்காக எதிரணியைத் தடுக்கும் வீரர்களும் அதற்குத் தோதுப்படவில்லை. 2004-இல் 5 வெற்றி, 6 தோல்வி. கட்டடம் பாதியில் நிற்கும்போது மேஸ்திரியை மாற்றினால் புதியவர் முதலில் பழைய சுவரைத்தான் இடிப்பார். தனக்கேற்ற ஆட்களைச் சேர்த்து முடிக்கவே மூன்று, நான்கு ஆண்டு பிடிக்கும். ஆனால் 2015-இல் நெப்ராஸ்காவுக்குப் பயிற்சியாளராக வந்த மைக் ரைலிக்கு மூன்று பருவம்தான் கிடைத்தது.

ஆனாலும், பயிற்சியாளர் மாறினாலே சரிவுதான் என்று பலர் நினைப்பது தவறு: எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 2003, 2007, 2019 தேசியப் பட்டங்களை வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ்தான் வென்றது.