கேள்வி-பதில்: மெர்ல் ஹே யார்?

கே: அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில் மகள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலைக்கும் ஷாப்பிங் மாலுக்கும் மெர்ல் ஹே என்று பெயர். கிளிடன் என்ற சிற்றூரில், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் கிளைக்கும் அதே பெயர்தானாம். யார் இவர்?
– வாசகி, தஞ்சாவூர்

ப: அயோவா மாநிலம் கிளிடன்காரர். 16-வது காலாட்படை ரெஜிமென்டில் சிப்பாய். 1917 நவம்பர் 3, விடியுமுன், பிரான்சின் பாத்தலேமோன் கிராமத்தருகே ஜெர்மானியர்கள் அமெரிக்கர்களின் பதுங்குகுழிக்குள் புகுந்து தாக்கியதில் இறந்தார். வயது 21. கூடவே ஜேம்ஸ் கிரஷாம், தாமஸ் என்ரைட் இருவரும். முதல் உலகப் போரில் களத்தில் மோதி இறந்த முதல் அமெரிக்கக் காலாட்படையினர் இம்மூவரே. ‘போரில் இறந்த முதல் அமெரிக்கர்’ என்று சிலர் எழுதுவது பிழை. செப்டம்பரிலேயே ஒரு ராணுவ மருத்துவமனைமேல் விழுந்த விமானக் குண்டுகளில் சிலர் இறந்திருந்தார்கள். ஹேயின் உடல் முதலில் பிரான்சிலேயே புதைக்கப்பட்டு, 1921-ல் கிளிடனுக்கு வந்தது.

கே: உள்ளூர்ப் பிரமுகர் பெயரைக் கிளைக்கு வைக்க முடியுமா?

ப: உயிரோடிருந்தால் முடியாது. லீஜன் விதி அப்படி. 1919-ல் சங்கம் பிறந்தபோது, ஊரில் முதலில் பலியான பையனின் பெயரைப் பல ஊர்கள் வைத்துக்கொண்டன. நம்மூரில் இந்த விதி வந்தால் பாதிப் பெயர்ப்பலகை காலியாகிவிடும்!

கே: லீஜன்காரர்கள் படைவீரர் அடக்கத்தில் சுடுவதும் நம் ‘21 குண்டுகள் முழங்க’வும் ஒன்றா?

ப: அங்கே அதற்கு அந்தப் பெயர் இல்லை. அமெரிக்காவில் 21 என்பது பீரங்கி மரியாதை, நாட்டுத் தலைவர்களுக்கு. கல்லறையில் நடப்பது மூன்று சுற்றுத் துப்பாக்கி வேட்டு. ஏழு பேர் மும்முறை சுட்டால் 21 வருவதால் குழப்பம். மூன்று பேர் சுட்டாலும் மரியாதை குறையாது.

கிளைகளுக்கு ராணுவம் இரவல் தருவது பெரும்பாலும் பழைய எம்-1 காரண்ட் துப்பாக்கி. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லை. குழல்வாய் திறந்தே இருப்பதால், அடுத்த தோட்டாவை உள்ளேற்றும் போல்ட்டைப் பின்தள்ளும் அளவுக்கு வாயு அழுத்தம் சேராது. ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டும். வயதானவர் ஒருவர் அரைகுறையாக இழுத்தால் தோட்டா சிக்கும்; அவர் வேட்டு மட்டும் பிந்தி, ‘பட படபட’ என்று கேட்கும். கட்டளைகளுக்கு நடுவே நிதானமாக இடைவெளி விடுவதே மருந்து.

பிறகு பியூகிள் என்ற ஊதுகொம்பில் ‘டாப்ஸ்’ என்ற அஞ்சலி இசை, 24 ஸ்வரம். வாசிக்க ஆளில்லாத இடத்தில் உள்ளே ஸ்பீக்கர் வைத்த பியூகிளைப் பிடிப்பார்கள். பொத்தானை அழுத்திச் சில விநாடி கழித்தே ஒலிக்கும்; அதற்குள் வாயில் வைத்துவிட வேண்டும். பேட்டரியை அன்று காலையே பார்ப்பது நல்லது.

கே: மெமோரியல் டே அன்று கொடி நாள் முழுக்க அரைக்கம்பமா?

ப: போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களை நினைக்கும் அந்த நாள், மே கடைசித் திங்கள். கொடி மதியம் வரை மட்டுமே அரைக்கம்பம். முதலில் விறுவிறுவென்று உச்சிக்கு ஏற்றி, மெதுவாகப் பாதிக்கு இறக்க வேண்டும். மதியம் மறுபடி உச்சிக்கு. நேரே பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு. கல்லறைகளில் நடும் சிறு கொடிக்கு, ஆர்லிங்டன் தேசியப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் கல்லின் நடுவிலிருந்து ஒரு பூட்ஸ் நீளம் அளப்பார்கள். மண் இறுகியிருந்தால் கம்பியால் துளை போட்டுவிட்டு நடுங்கள், மரக்குச்சி முறியாது.