கேளுங்க, சொல்றேன்: 213ஆம் நம்பர் வீட்டுக்கு வந்த போலீஸ்

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ்ல டாமர் சீரிஸ் பாத்தேன். ரத்தத்தோட தெருவுக்கு ஓடி வந்த பையனை போலீஸே கூட்டிட்டுப் போயி கொலைகாரன் வீட்ல விட்டுட்டு வர்றாங்க. நிஜமாவே அப்படி நடந்துச்சா, இல்ல கதைக்காக சேத்ததா? ரெண்டு நாளா தூக்கமே வரல.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நடந்துச்சும்மா. ஜெஃப்ரி டாமர்ங்கறவன் நிஜமாவே இருந்த தொடர் கொலைகாரன். அமெரிக்காவுல மில்வாக்கி நகரம், 1991 மே 27, விடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. லாவோஸ்ல இருந்து அகதியா வந்த குடும்பத்துப் பையன், வயசு 14. மயக்கமருந்து உள்ள போனதால பேச்சு வரல, உடம்புல துணி இல்ல, ரத்தம் வழியுது. அவனை முதல்ல பாத்தது ரெண்டு கறுப்பினப் பொண்ணுங்க, 18 வயசுதான். 911 அவசர நம்பருக்கு போன் போட்டு, டாமர் வந்து பையனை இழுத்துட்டுப் போகப் பாத்தப்ப விடாம புடிச்சு வச்சிருந்ததும் அவங்கதான். போலீஸ் வந்துச்சு. டாமர் வெள்ளைக்காரன், நிதானமா பேசறான், இவன் என் காதலன், 19 வயசு, குடிச்சிட்டான் அவ்வளவுதான்னு சொல்றான். நம்பிட்டாங்க. அந்தப் பொண்ணுங்க இல்ல சார் இவன் சின்னப் பையன்னு சொல்லச் சொல்ல, சும்மா இருங்கன்னு அதட்டிட்டு பையனை மறுபடி மாடியில இருந்த டாமரோட 213ஆம் நம்பர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்குள்ள சோபா மேல பையனோட துணி மடிச்சு வச்சிருந்தது, ஏதோ நாத்தம் வேற அடிச்சுது. பக்கத்து ரூம்ல மூணு நாள் முன்னாடி கொன்ன இன்னொருத்தரோட உடம்பு கிடந்துச்சு, யாரும் எட்டிக்கூடப் பாக்கல. அவங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல பையன் உயிரோட இல்ல.

கேள்வி: நான் 30 வருஷம் காக்கி போட்டவன். ராத்திரி டியூட்டில ரெண்டு நிமிஷத்துல முடிவெடுக்கணும், தப்பு நடக்கத்தான் செய்யும். அதுக்குப் போயி பாரபட்சம்னு பேர் வைக்கறது நியாயமா?
- ஓய்வுபெற்ற ஏட்டு, சேலம்

பதில்: ஐயா, உங்க சிரமம் புரியுது. ராத்திரி ரோந்து எவ்வளவு கஷ்டம்னு வெளிய இருந்து பேசறவங்களுக்குத் தெரியாது, அதுவும் சரிதான். ஆனா அன்னிக்கு அவசரம்னு ஒண்ணுமே இல்லைங்க. வீடு வரைக்கும் போக நேரம் இருந்துச்சு, டாமர் காட்டின போட்டோவைப் பாக்க நேரம் இருந்துச்சு, அவன் பேரை ரேடியோவுல சொல்லி செக் பண்ண மட்டும் தோணல. பண்ணியிருந்தா சிறுவனை பாலியல் தொல்லை பண்ணின கேஸ்ல தண்டனை வாங்கி நன்னடத்தைக் கண்காணிப்புல இருக்கறவன்னு அங்கயே தெரிஞ்சிருக்கும். அந்த பழைய கேஸ்ல பாதிக்கப்பட்டவன் யாருன்னு நினைக்கறீங்க? இதே பையனோட அண்ணன். எனக்கு இதை எழுதும்போதே கை நடுங்குது.

இன்னொண்ணு, திரும்பிப் போகும்போது ரேடியோவுல, நிர்வாணமா இருந்த ஆசியக்காரனை அவன் காதலன்கிட்ட சேத்துட்டோம், கூட வந்த எங்க போலீஸ்காரரை ஸ்டேஷன்ல பேன் மருந்து போட்டுக் குளிப்பாட்டணும்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அந்தச் சிரிப்பு டேப்ல பதிவாயிருக்கு. கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியோட அம்மா கிளெண்டா கிளீவ்லண்ட் போன் பண்றாங்க. அந்தக் குழந்தை என்ன ஆனான்னு கேக்கறாங்க. அது குழந்தை இல்ல, பெரிய ஆளுன்னு பதில் வருது. நிச்சயமா தெரியுமான்னு திரும்பவும் கேக்கறாங்க, ஒருத்தரோட பாலியல் விருப்பத்துல நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறார் போலீஸ்காரர். வெள்ளைக்காரன் சொன்னா நிஜம், கறுப்புப் பொண்ணு கேட்டா தொந்தரவு, ரெண்டு ஆம்பளைங்க சமாச்சாரம்னா நமக்கு எதுக்கு, இதுல எந்த எடத்துல ஐயா ரெண்டு நிமிஷ அவசரம் இருக்கு? அப்புறம் காணாமப் போன பையன் போட்டோ பேப்பர்ல வந்தப்ப கிளெண்டா மறுபடி போன் பண்ணினாங்க. அப்பவும் யாரும் வரல. ஜூலை 22ஆம் தேதி ஒரு இளைஞர் கையில விலங்கோட தப்பிச்சு ஓடி வந்து போலீஸை நிறுத்தினப்பதான் டாமர் மாட்டினான். நடுவுல இருந்த அந்த ரெண்டு மாசத்துக்குள்ள இன்னும் 4 பேரைக் கொன்னுட்டான்.

கேள்வி: அந்த போலீஸ்காரங்களுக்கு தண்டனை கிடைச்சுதா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ரெண்டு பேரை டிஸ்மிஸ் பண்ணாங்க தம்பி. 1994ல கோர்ட் ஆர்டர்ல ரெண்டு பேருக்கும் வேலை திரும்பக் கிடைச்சுது, நிலுவைச் சம்பளத்தோட. அதுல ஒருத்தர் 2005ல மில்வாக்கி போலீஸ் சங்கத்துக்கே தலைவரா ஆனார். பையன் குடும்பத்துக்கு 1995ல நகர நிர்வாகம் 8,50,000 டாலர் குடுத்து வழக்கை முடிச்சுது.

கேள்வி: சீரிஸ்ல வர்ற பக்கத்து வீட்டம்மா மாதிரிதான் கிளெண்டா நிஜத்துலயும் இருந்தாங்களா? இந்த மாதிரி சீரிஸ் பாக்கறதே தப்புன்னு என் பொண்ணு சண்டை போடறா.
- வாசகி, கோவை

பதில்: கிளெண்டா நிஜம், ஆனா அவங்க குடியிருந்தது பக்கத்து பில்டிங்ல, டாமர் வீட்டுச் சுவரை ஒட்டி இல்ல. வேற குடித்தனக்காரங்களுக்கு நடந்ததையும் சேத்து ஒரே ஆளா ஆக்கிட்டாங்க. கதைக்கு அது வசதிதான், ஆனா தெருவுல நின்னு போலீஸ்கிட்ட மல்லுக்கட்டின அந்த ரெண்டு பொண்ணுங்க இதனால பின்னாடி போயிட்டாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. மத்தபடி அந்த டேப் சமாச்சாரத்தை மறைக்காம காட்டினதுக்கு சீரிஸை மதிக்கறேன். கிளெண்டாவா நடிச்ச நீசி நாஷ் 2024 ஜனவரியில எம்மிங்கற அமெரிக்க டிவி விருது வாங்கினப்ப, யாரும் காது குடுத்துக் கேக்காத, ஆனா போலீஸ் கெடுபிடிக்கு மட்டும் ஆளாகற கறுப்பினப் பெண்கள் சார்பா வாங்கிக்கறேன்னு சொல்லி கிளெண்டா பேரையும் சேத்துச் சொன்னாங்க.

உங்க பொண்ணு சொல்றதையும் தள்ளாதீங்க. டாமர் கொன்ன இன்னொருத்தரோட அக்கா, தம்பியைப் பறிகொடுத்துட்டு கோர்ட்ல கதறினவங்க, அவங்களை அதே டிரஸ், அதே வசனத்தோட அப்படியே நடிச்சுக் காட்டினாங்க, அவங்களை ஒரு வார்த்தை கேக்கல. டிவில தன்னையே பாத்த மாதிரி இருந்துச்சுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. கிளெண்டா 2010லயே இறந்துட்டாங்க, சீரிஸ் வந்தது 2022ல.