பாயிண்டை வைத்து நாலு பேர் சிம்லா போக முடியுமா?

தண்டையார்பேட்டையில் இருந்து அரையாண்டு லீவுக்கு, கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்டை வைத்து நாலு பேர் சிம்லா போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் முதலில் சீட் இருக்கிறதா என்று பாருங்கள், பாயிண்டை அப்புறம் மாற்றுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். மொத்தப் பாயிண்டையும் ஒரு விமான நிறுவனத்தின் மைல்ஸாக, அதாவது காசுக்குப் பதில் டிக்கெட் எடுக்கும் அவர்களுடைய பாயிண்டாக, மாற்றிவிட்டுத் தேடினால், டிசம்பர் 24-க்கு மைல்ஸில் கிடைக்கும் சீட் இரண்டே இரண்டு. மாற்றியது பெரும்பாலும் கார்டுக்குத் திரும்பாது. மீதி இரண்டைக் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மைல்ஸ் டிக்கெட்டுக்கும் வரி, கட்டணம் கையிலிருந்துதான் போகும். அதைக் கூட்டிச் சாதாரண டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள். விலை குறைந்த தேதியில் மைல்ஸைக் கரைப்பது வீண்.

டெல்லி வரை விமானம், பிறகு கல்கா போய் அங்கிருந்து சிம்லாவுக்கு மலை ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் டெல்லியில் காலைப் பனிமூட்டம் அதிகம். மதியம் இறங்கும் விமானமாகப் பிடியுங்கள். அன்றே கல்கா கிளம்பாமல் ஓர் இரவு தங்குங்கள், ஓட்டல் பாயிண்ட் இருந்தால் அங்கே செலவாகட்டும். கல்கா–சிம்லா மலை ரயில் 96 கிலோமீட்டர்; முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். இங்கே விமான நிலையத்துக்கு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் போதும், பெட்டியோடு ஆட்டோ பேரம் மிச்சம்.