வெறும் ராடுக்கே ஐந்து மாதம்

வாசகர் கேள்விகள், ஜிம் மாஸ்டர் பதில்கள்

கேள்வி (திருப்பூர் வாசகர்): மாஸ்டர், எனக்கு வயது 34. பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. மழையில் பைக் வழுக்கி விழுந்ததில் வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்) கிழிந்துவிட்டது. துளை போட்டு ஆபரேஷன் செய்து இன்றோடு பத்து வாரம். ஆறு வாரம் கையைத் தாங்கும் தூளியில் (ஸ்லிங்) இருந்தேன். இப்போது வலியே இல்லை. ஆனால் பிசியோவில் இன்னும் குச்சியைப் பிடித்துக் கையைத் தூக்கு, இறக்கு என்று மட்டும்தான் சொல்கிறார்கள். முன்பு பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளுவதில், 90 கிலோ போட்டவன் நான். ஜிம் பசங்க “40 கிலோ லைட்டா போடுண்ணா, ரத்த ஓட்டம் வரும்” என்கிறார்கள். போடலாமா? கண்ணாடியில் பார்த்தால் வலது தோள் வற்றிப்போய்க் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை.

பதில்: போடாதீர்கள் தம்பி. 40 வேண்டாம், 20 வேண்டாம், வெறும் ராடும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

“வலியே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்குப் பயமே அந்த வரியில்தான். நான் டாக்டர் இல்லை. மதுரையில் 22 வருஷமாக ஜிம் நடத்துகிறவன். ஆனால் உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷன் என் வலது தோளிலும் நடந்திருக்கிறது, 46 வயதில். வெயிட் தூக்கிக் கிழிந்தது என்றாலாவது கௌரவமாக இருக்கும். துருப்பிடித்த ஜிம் ஷட்டரை ஒற்றைக் கையால் வெடுக்கென்று இழுத்ததில் கிழிந்தது. வருஷக்கணக்கில் நைந்துபோயிருந்த நாருக்கு அந்தக் கடைசி இழுப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

ஸ்லிங் போட்ட ஆறு வாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். வேட்டியை ஒற்றைக் கையால் கட்டிப் பார்த்தீர்களா? முடியாது. எலாஸ்டிக் வைத்த டிரவுசருக்கு மாறினேன். மச்சினன் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் இடது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்தேன். பரிமாறிய பெரியவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். படுத்தால் தூக்கம் வராது. முதுகுக்கு மூன்று தலையணை முட்டுக்கொடுத்து, சாய்ந்தபடியே தூங்கினேன். ஒன்பதாவது வாரம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. வலி இல்லை, சட்டை நானாகப் போட முடிகிறது. ஒரு பையன் ஸ்குவாட் முடித்துவிட்டுப் பிளேட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். 20 கிலோ பிளேட். வருஷக்கணக்கான பழக்கம், யோசிக்காமல் குனிந்து வலது கையால் எடுத்துவிட்டேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. தோளுக்குள் சூடாக ஏதோ ஓடியது. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். தையல் பிரியவில்லை, தப்பித்தேன். சர்ஜன் திட்டவில்லை, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இப்ப உங்க கையைப் பிடிச்சிட்டு இருக்கிறது நாங்க போட்ட நூலு. உங்க நார் இல்ல.”

விஷயம் இதுதான். தோள் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகள், அவைதான் ரொட்டேட்டர் கஃப். கிழிந்ததன் நுனியை எலும்போடு சேர்த்து, எலும்புக்குள் ஆங்கர் என்று சின்ன முளை இறக்கி, அதிலுள்ள நூலால் தைத்திருக்கிறார்கள். நார் எலும்போடு ஒட்டி வளர வேண்டும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் நடக்கும். ஓரளவு பிடிமானம் வரவே சுமார் 12 வாரம் ஆகும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அது இறுகிக்கொண்டே இருக்கும். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடும். அதனால் வலியை மட்டும் வைத்து நாள் குறிக்க முடியாது. இப்படித் தைத்தது மறுபடி கிழிவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான். நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள்.

பெஞ்ச் பிரஸ் இன்னும் மோசம். ராடு நெஞ்சைத் தொடும் இடத்தில் முழங்கை உடம்புக்குக் கீழே போய்விடும். பந்து முன்பக்கமாக நெம்பும். தைத்த இடத்துக்குச் சுமை ஏறி நிற்கும்போது மேலே 40 கிலோ. ரத்த ஓட்டம் வேண்டுமென்றால் நடக்கப் போகச் சொல்லுங்கள் உங்கள் பசங்களை.

அடுத்த முறை போகும்போது சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிழிசல் எவ்வளவு பெரிசு? எத்தனை தசை? பைசெப்ஸ் நாரையும் வெட்டி இடம் மாற்றித் தைத்தார்களா? பெரிய கிழிசல் என்றால் எல்லாத் தேதியும் தள்ளிப்போகும். பைசெப்ஸைத் தொட்டிருந்தால் கர்ல் போடுவதும் அவர் சொல்லும்வரை கிடையாது, பால் பாக்கெட் பையை முழங்கை மடக்கித் தூக்குவதுகூட. இது பலருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். யாரும் படிப்பதில்லை.

சரி, அதுவரை சும்மா உட்கார வேண்டுமா என்றால், வேண்டாம். கால் இருக்கிறதே. லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், மூன்றும் டாக்டர் சம்மதத்தோடு செய்யலாம். கைப்பிடியை வலது கையால் இறுக்கிப் பிடித்து மூச்சைக் கட்டி நெம்பக் கூடாது, அவ்வளவுதான். முதுகில் ராடு வைத்துப் போடும் ஸ்குவாட் வேண்டாம். ராடைப் பிடிக்கக் கை பின்னால் திரும்புகிறதே, அதுதான் காரணம். டெட்லிஃப்டும், அதாவது தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வதும், இப்போதைக்கு இல்லை. அது தோளைக் கீழ்நோக்கி இழுக்கும். இடது கைக்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள். ஒரு கையைப் பழக்கினால் சும்மா இருக்கும் மறு கையின் பலமும் ஓரளவு கரையாமல் நிற்கும். மூளையும் நரம்பும் செய்கிற வேலை அது. நான் முதலில் நம்பவில்லை, செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஒன்று கவனித்திருக்கிறேன். ஆபத்து செட் போடும்போது வருவது குறைவு. டம்பெல்லைத் திரும்ப வைக்கும்போது, பிளேட் மாற்றும்போது, வண்டிக்கு மெயின் ஸ்டாண்டு போடும்போது, பஸ்ஸில் பிரேக் அடித்தால் டக்கென்று மேல் கம்பியை எட்டிப் பிடிக்கும்போது வரும். உங்களுக்கு இன்னொன்றும் உண்டு, துணி ரோல். அதைத் தோளில் போட்டுத் தூக்கும் வேலையிலிருந்து குறைந்தது ஆறு மாதம் விலக்கு கேளுங்கள். டாக்டர் சீட்டோடு போய் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். ஜிம்மைவிட இதுதான் முக்கியம்.

12 வாரம் தாண்டி, பிசியோ சரி என்றதும் ரப்பர் பேண்டு வரும். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சின்னத் துண்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புவது. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பதினைந்தாவது ரெப்பில் தோளுக்குப் பின்னால் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி எரியும். அது தசை களைத்த எரிச்சல், பயப்பட வேண்டாம். குத்துவலி வேறு, அது வந்தால் நிறுத்துங்கள். அப்புறம் தண்டாலைச் சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம். சுவர், பிறகு மேசை, பிறகு படிக்கட்டு, கடைசியில் தரை. தள்ளுவதற்கு முன் இழுப்பது. அதாவது பிரஸ்ஸுக்கு முன் ரோயிங். நான் ஒரு கிலோ ரோஸ் கலர் டம்பெல்லில் ஆரம்பித்தேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் காலேஜ் பெண்களே தொடாத டம்பெல் அது. கூச்சமாகத்தான் இருந்தது, கூட்டம் வருவதற்கு முன் காலை ஐந்து மணிக்குப் போய்ச் செய்தேன்.

நாலு மாதத்துக்கு மேல் தரையில் மல்லாந்து படுத்து லேசான டம்பெல் பிரஸ். முழங்கையைத் தரை தடுத்துவிடும், அதற்குக் கீழே போகாது. ஐந்தாம் மாதம் வெறும் ராடு, 20 கிலோ, சர்ஜன் தலையாட்டிய பிறகு. அங்கிருந்து பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ, ஒன்றேகால் கிலோவாக ஏற்றினேன். ஒன்பதாம் மாதம் 50. ஒரு வருஷம் முடிந்தபோது 70. முன்பு நான் போட்டது 110, அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. இது என் கணக்கு, எனக்கு உங்களைவிட 12 வயது கூடுதல். உங்கள் 90 வரலாம். ஆனால் அது அடுத்த வருஷத்துப் பேச்சு.

எடை ஏற்றலாமா என்று முடிவு செய்வது அன்று ராத்திரி. ஆபரேஷன் செய்த பக்கம் புரண்டு படுக்கும்போது வலித்து முழித்துக்கொண்டால் அன்றைக்குச் செய்தது அதிகம், அடுத்த முறை குறையுங்கள். வலி மாத்திரை போட்ட அன்று ஏற்றவே கூடாது. மாத்திரை உங்களிடம் பொய் சொல்லும். கழுத்துக்குப் பின்னால் ராடு இறக்கும் பிரஸ், அகலப் பிடி பெஞ்ச், இரண்டையும் இனி மறந்துவிடுங்கள். சிகரெட் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் நிறுத்துங்கள், நார் ஒட்டுவதை அது தாமதப்படுத்தும்.

சச்சின் 2006 மார்ச்சில் லண்டனில் தோள் ஆபரேஷன் செய்துகொண்டு செப்டம்பரில்தான் இந்தியாவுக்காக மறுபடி பேட்டிங் செய்தார். வந்ததும் கோலாலம்பூரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 141 நாட் அவுட். அவருக்குக் கிடைத்த டாக்டர்களையும் பிசியோக்களையும் நினைத்துப் பாருங்கள். அப்படியும் ஆறு மாதம். உங்கள் ஜிம் பசங்களிடம் இதைச் சொல்லுங்கள், கிரிக்கெட் என்றால் கேட்பார்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): வயது 58. சுகர் உண்டு. தோளில் நார் தைத்து நாலு மாதம் ஆகிறது. கை காது உயரத்துக்குக்கூட வரவில்லை. பிசியோ பெண் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. நான் ஒன்றும் வெயிட் தூக்கப் போவதில்லை. குக்கரை இறக்கினால் போதும். பயிற்சியை விட்டுவிடலாமா தம்பி?

பதில்: விட்டுவிடாதீர்கள் அக்கா. மேலே அந்தத் தம்பிக்குப் பிரேக் போட்டேன், உங்களை முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது. சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். நாலு மாதத்தில் இவ்வளவுதான் வருகிறது என்றால் சர்ஜனை ஒருமுறை பாருங்கள், அடுத்த விசிட் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். சுகரையும் அன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிசியோவிடம் “வலிக்குது” என்று மட்டும் சொல்லாமல் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்று சொல்லுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வதற்குப் பதில் ஐந்து ஐந்து நிமிடமாக நாளில் நாலு தடவை செய்யலாமா என்று கேளுங்கள்.

அடுப்படிச் சுவரில் விரல்களால் நண்டு மாதிரி ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், பிள்ளைகள் உயரத்துக்குப் போடுவோமே அப்படி. என்னிடம் வரும் ஓர் ஆசிரியை இப்படிப் போட்ட கோடுகளுக்கு மேல் வெள்ளையடிக்க விடமாட்டேன் என்கிறார். அப்புறம், குக்கர் இறக்குவது வெயிட் தூக்குவது இல்லை என்று யார் சொன்னது? அரிசியும் தண்ணீருமாக ஐந்து லிட்டர் குக்கர், பாத்திர எடையோடு சேர்த்தால் ஜிம்மில் அது ஒரு நல்ல டம்பெல். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்துத்தான் அங்கே போக வேண்டும், அதையும் பிசியோ சொன்ன பிறகு. அதுவரை குக்கரை வீட்டிலுள்ளவர்கள் இறக்கட்டும்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): அண்ணா, வயது 21. கபடியில் தோள் நான்கு தடவை விலகியதால் லேப்ரம் தைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது. போலீஸ் தேர்வுக்குக் கயிறு ஏற வேண்டும். புல் அப்ஸ் ஆரம்பிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. உங்கள் ஆபரேஷன் வேறு. கிண்ணத்தின் விளிம்பைத் தைத்திருக்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது கல் எறிய ஓங்குவோமே, அந்த நிலைக்கு. கை மேலே போய்ப் பின்னால் திரும்பும் நிலை அது. கயிற்றில் ஒரு கை வழுக்கினால் உடம்பு எடை முழுவதும் மற்றத் தோளில் வெடுக்கென்று விழும். சர்ஜன் சம்மதிக்கும்வரை தொங்கவே கூடாது. பொதுவாக அதற்கு ஆறு மாதமாவது ஆகும், கபடிக்கு இன்னும் கூட. அதுவரை ஓட்டத்துக்குப் பயிற்சி எடுங்கள், அதுவும் தேர்வில் இருக்கிறது. வருகிற தேர்வு போனால் அடுத்தது வரும். ஐந்தாவது தடவை விலகிய தோளோடு கயிற்றிலிருந்து விழுந்தால் எந்தத் தேர்வும் இல்லை.

கேள்வி (தேனி வாசகர்): தோள் ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. தைலம் போட்டு நீவிவிட்டால் சீக்கிரம் கூடும் என்கிறார் பாட்டி. செய்யலாமா?

பதில்: கழுத்திலும் முதுகிலும் பாட்டி கையால் மெதுவாகத் தடவட்டும், சுகமாகத்தான் இருக்கும். தழும்பின் மேல் தைலம் போடலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீவுகிறேன் என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுக்க வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.